மூன்றாவது ஸ்டட் வெளியே வந்துவிட்டது

இரண்டு சனி ஞாயிறை விழுங்கிய அந்த ஸ்டட் (தலையில்லாத, மரை போட்ட போல்ட்) நேற்று சாயங்காலம் ஒருவழியாக வெளியே வந்தது. கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

வண்டி 1972 செவர்லே சி10 பிக்கப், இன்ஜின் 350 கன அங்குல வி8 (பக்கத்துக்கு நான்காக எட்டு சிலிண்டர்). ஹூஸ்டனில் என் கராஜில் நிற்கிறது. அதன் புகைக்குழாயை மாற்றிக்கொண்டிருக்கிறேன். பழைய அமைப்பில் இன்ஜினின் இரண்டு பக்கத்துக் குழாயும் அடியில் ஒன்றாகச் சேர்ந்து ஒரே சைலன்சருக்குப் போகும். அதைக் கழித்துவிட்டு, இடதும் வலதும் தனித்தனியாக இரண்டரை அங்குலக் குழாய் விடுகிறேன். பழையதை அறுத்து இறக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மாட்டிக்கொண்டது வலது மேனிஃபோல்டின் (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்துக் குழாய்க்கு அனுப்பும் வார்ப்பிரும்புப் பகுதி) வாயில் இருக்கும் மூன்று ஸ்டட்டில்தான். இரண்டு சூடு காட்டியதும் வந்துவிட்டன. மூன்றாவது, மட்டத்துக்கும் கொஞ்சம் கீழே ஒடிந்துவிட்டது.

நடுவில் ஓட்டை போட்டு எக்ஸ்ட்ராக்டர் (ஒடிந்ததைப் பிடித்துத் திருப்பி எடுக்கும் கடினமான எஃகுக் கருவி) விடச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். அது உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் பிட் அதன்மேல் ஏறவே ஏறாது. போன வருஷம் இடது பக்கத்தில் அப்படித்தான் ஆகி, மேனிஃபோல்டையே மாற்ற வேண்டியதாயிற்று.

இந்த முறை வெல்டிங். இந்த வண்டியில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அதனால் மேனிஃபோல்டைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவந்துவிட்டேன். மிக் வெல்டிங் மெஷினின் கம்பியைக் குழிக்குள் விட்டு, ஒரு நொடி ஒரு நொடியாகச் சொட்டு வைத்து ஸ்டட்டை மேலே வளர்க்க வேண்டும். வார்ப்பிரும்பில் வெல்டு சரியாகப் பிடிக்காது, ஸ்டட்டில் பிடிக்கும். நமக்கு வேண்டியதும் அதுதான். மட்டத்துக்கு மேலே வந்ததும் ஒரு வாஷர், அதன்மேல் பெரிய நட்டு, உள்ளே நிரப்பி வெல்டு. நான்கு முறை நட்டு மட்டும் முறுக்கிக்கொண்டு கையோடு வந்தது.

மாமனார் கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்தவர், இப்போது எங்களோடு இருக்கிறார். நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர், "மாப்ள, செவப்பு அடங்கட்டுங்க. அப்புறம் மெழுகைத் தொட்டு வைங்க. ஒரே பக்கமா முறுக்காதீங்க" என்றார். ஐந்தாவது முறை அப்படியே செய்தேன். சிவப்பு அடங்கியதும் மெழுகுவத்தியைத் தொட்டேன். புகையோடு உருகி மரைக்குள் இழுத்துக்கொண்டது. ஸ்பேனரை அந்தப் பக்கம் ஒரு மயிரிழை, இந்தப் பக்கம் ஒரு மயிரிழை. கீச்சென்று ஒரு சத்தம், செம்மண் மாதிரி துருப்பொடி, பிறகு முழுச் சுற்று! டேப் (மரை வெட்டும் கருவி) விட்டு மரையைச் சுத்தம் செய்தேன், ஒரு மரைகூடக் கெடவில்லை. புது ஸ்டட்டுக்குப் பித்தளை நட்டுதான், அது துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளாது.

கையோடு, அந்த வாயில் இருந்த ஹீட் ரைசர் வால்வையும் (இன்ஜின் சீக்கிரம் சூடாகப் புகையைத் தடுக்கும் மூடி) எடுத்துவிட்டு அதே கனத்தில் ஸ்பேசர் வைத்தேன். அது பாதி மூடியபடி இறுகிக் கிடந்தது. அப்படியே விட்டிருந்தால் வலது குழாய் இருந்தும் பயனில்லை.

குழாய் வாங்கிய கடைமேல் எனக்கு வருத்தம்தான். 115 அங்குல வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) என்று தெளிவாக எழுதியும் 127 அங்குல வண்டிக்கான டெயில் பைப்பை அனுப்பினார்கள். திருப்பி அனுப்பும் செலவும் என் தலையில். இனி மேண்ட்ரல் வளைவுகளைத் (நசுங்காமல் வளைத்த குழாய்த் துண்டுகள்) தனித்தனியாக வாங்கி நானே ஒட்டிக்கொள்வேன்.

அடுத்தது ஹெச் பைப், அதாவது இரண்டு குழாயையும் இணைக்கும் குறுக்குக் குழாய். இந்த இன்ஜினின் ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை) 1-8-4-3-6-5-7-2. இடது பக்கத்தில் 5-ம் 7-ம் அடுத்தடுத்து வெடிக்கின்றன, வலது பக்கத்தில் 8-ம் 4-ம். அதனால் ஒவ்வொரு குழாயிலும் அழுத்தம் சீராக வராது. நடுவில் ஒரு இணைப்பு கொடுத்தால் சத்தம் திரண்டு வரும். எங்கே வைப்பது என்பதற்குப் பழைய வழி ஒன்று உண்டு: குழாயில் சாதாரண கறுப்பு பெயின்ட் அடித்து வண்டியை ஓட்டி, எதுவரை கருகுகிறது என்று பார்த்து அங்கே வெட்டுவது. பெயின்ட் வாங்கிவிட்டேன்.

ஆனால் வலது குழாய் இன்னும் டிரெய்லிங் ஆர்ம் கிராஸ்மெம்பரில் (பின் சஸ்பென்ஷன் கைகள் மாட்டியிருக்கும் குறுக்குச் சட்டம்) கட்டுக்கம்பியில்தான் தொங்குகிறது. சனிக்கிழமை ஹேங்கர் (குழாயைத் தாங்கும் கொக்கி) வெல்டு.