படகுப் பலகை, துருக் கீல், கடல் தேய்த்த கண்ணாடி: சுவர்ப் பலகை வேலைக் குறிப்பு

கடற்கரைப் பழைய பொருட்களை அடுக்கிச் சுவரில் மாட்டும் அலங்காரப் பலகை இது. அளவு 60 × 45 செ.மீ. அடிப்பலகை 12 மி.மீ. மரைன் பிளைவுட், ஐஎஸ் 710 (மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) முத்திரை உள்ளது. மேலே வருபவை: உடைத்த மீன்பிடிப் படகின் பக்கப் பலகைத் துண்டு ஒன்று (நீல பெயிண்டுக்கு அடியில் சிவப்பு, அதற்கும் அடியில் பச்சை), இரும்புக் கீல் இரண்டு, கொக்கி ஒன்று, கடல் தேய்த்த கண்ணாடித் துண்டுகள் ஒரு கைப்பிடி. பலகையும் இரும்பும் துறைமுகத்தை ஒட்டிய காயலாங்கடையில் எடைக்கு வாங்கலாம். கரையில் கிடக்கும் கட்டையைத் தூக்கும் முன் பக்கத்தில் இருப்பவர்களிடம் கேட்டுவிட வேண்டும்; சும்மா கிடப்பதுபோல் தெரிந்தாலும் யாராவது எடுத்து வைத்ததாக இருக்கும். பவளத் துண்டு, கடல் விசிறி இரண்டையும் தொடவே வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருப்பவை அவை.

இந்த வேலையில் முக்கால்வாசி உப்பை வெளியேற்றுவதுதான். மரத்துக்குள் உப்பு இருந்தால் மழைக்காலத்தில் அது ஈரத்தை இழுக்கும், வார்னிஷ் வெள்ளையாகப் பூத்து உரியும். படகுப் பலகையை நல்ல தண்ணீரில் முழுக அமிழ்த்தி, மேலே கல் வைத்து, தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதற்கு ஆர்ஓ தண்ணீருக்கு வைத்திருக்கும், கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் போதும். ஊற்றும்போது ஒரு அளவு, 24 மணி நேரம் கழித்து ஒரு அளவு. முதல் நாள் பல மடங்கு ஏறும். ஏற்றம் 50 பிபிஎம்முக்குக் கீழே வந்தால் நிறுத்தலாம். போர் தண்ணீரே உப்பாக இருக்கும் வீட்டில் கடைசி இரண்டு ஊறலுக்கு மட்டும் ஆர்ஓ தண்ணீர். உலர்த்துவது நிழலில், வெயிலில் போட்டால் நுனிகள் பிளந்துவிடும். பூச்சித் துளை தெரிந்தால் ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் வெண்காரம் கரைத்து, பெயிண்ட் இல்லாத பின்பக்கம் தடவலாம். அந்தப் பாத்திரம் மறுபடி சமையலுக்கு ஆகாது.

உரியும் பெயிண்ட்தான் இந்தப் பலகையின் அழகு. அதை உப்புத்தாளால் தேய்த்தால் போச்சு. பழைய படகு பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர் தேய்ப்பு உடம்புக்கும் கேடு. அதற்குப் பதில் செதில்களை ஒட்டிவிட வேண்டும்: ஆக்ரிலிக் மேட் மீடியமும் (ஓவியர்கள் பயன்படுத்தும், காய்ந்தால் நிறமோ பளபளப்போ இல்லாத பசை) தண்ணீரும் சமபங்கு, அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. மெல்லிய தூரிகை நுனியால் செதிலின் ஓரத்தில் தொட்டால் திரவம் தானாக அடியில் ஓடும். செதில் ஒரு நிமிடத்தில் இளகும். பட்டர் பேப்பரை வைத்து விரலால் மெதுவாக அழுத்தி, காயும்வரை மேலே சின்ன எடை. ஊறிய திரவம் பால்போல் தெரிந்தால் பயப்பட வேண்டாம், காய்ந்ததும் நிறம் தெளியும்.

இரும்பு வேறு கதை. கம்பி பிரஷ்ஷால் தானாக உதிர்வதை மட்டும் எடுத்துவிட்டு, லிட்டருக்கு 20 கிராம் சலவை சோடா கரைத்த தண்ணீரில் ஒரு வாரம், நடுவில் இரண்டு முறை மாற்றி. பிறகு நன்றாக அலசி, ஹேர் டிரையரால் உடனே உலர்த்த வேண்டும். ஈரத்தோடு ஒரு ராத்திரி விட்டால் புதுத் துரு ஆரஞ்சாகப் படியும். கீல்களுக்குக் கடுக்காய்: நாட்டு மருந்துக் கடைப் பொடி 50 கிராம், அரை லிட்டர் தண்ணீர், சிறுதீயில் இருபது நிமிடம், துணியில் வடிகட்டல். இரும்புச் சட்டியில் காய்ச்சினால் கஷாயமே கருத்துவிடும், எவர்சில்வர் நல்லது. இளஞ்சூட்டில் மெல்லிய மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. துருவோடு கடுக்காயின் துவர்ப்புச் சத்து சேர்ந்து நீலக் கருப்பாகும். கலம்காரித் துணியில் கருப்புக் கோடு பிடிப்பதும் இதே சேர்க்கையால்தான். கஷாயம் இரண்டு நாளில் பூசணம் பிடிக்கும். கொக்கியின் சிவப்பு நன்றாக இருந்ததால் அதற்குக் கடுக்காய் இல்லை, மேட் ஆக்ரிலிக் லாக்கர் ஸ்பிரே மட்டும் இரண்டு பூச்சு. துருவின் மேல் தண்ணீர் கலந்த பெயிண்ட் நேராகப் படக்கூடாது. வெள்ளை பூசினால் மறுநாளே பழுப்புப் புள்ளிகள் மேலே வரும். இடையில் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு ஒரு பூச்சு தேவை, லிட்டருக்கு 120 கிராம்.

ஒட்டுவதில்தான் பலருக்கும் வேலை கெடுகிறது. ஃபெவிகால் காய்வதற்கு அதன் தண்ணீரை ஏதாவது ஒரு பக்கம் உறிஞ்ச வேண்டும். இரும்பும் கண்ணாடியும் உறிஞ்சாது. எபாக்ஸி (இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் பசை) பிடிக்கும், ஆனால் பிடிப்பது துருவை. துரு இரும்பை விட்டுக் கழன்றால் பசையோடு சேர்ந்து கீழே வரும். ஆகவே 100 கிராமுக்கு மேற்பட்ட எதையும் கம்பியால் கட்ட வேண்டும்: 2 மி.மீ. துளை இரண்டு, பின்பக்கம் முறுக்கு. கம்பி எவர்சில்வர், 0.8 மி.மீ. கட்டிட வேலைக் கட்டுக்கம்பி துருப்பிடிக்கும். செம்புக் கம்பி பார்க்க அழகுதான். ஈரத்தில் இரும்பை வேகமாக அரிக்கும்.

படகுப் பலகைக்குப் பசையே இல்லை. பின்னாலிருந்து அகலத்தின் நடுவில் ஒரு திருகு இறுக்கமாக, ஓரங்களில் உள்ள திருகுகளுக்கு நாரின் குறுக்காக நீண்ட துளையும் வாஷரும். மரம் அகலவாக்கில் சுருங்கி விரியும். முழுக்க ஒட்டினால் கோடையில் நடுவே பிளக்கும்.

கண்ணாடிக்கு வார்னிஷ் கூடாது. உப்பு நீரும் மணலும் போட்ட நுண்குழிகளை வார்னிஷ் நிரப்பினால் பனிமூட்டம் மறைந்து சாதா பாட்டில் துண்டு ஆகிவிடும். ஒட்டுவது பின்பக்கம் மட்டும், நிறமற்ற சிலிக்கோன் பசையால்.

அடுக்கும்போது செல்போனில் கருப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பார்ப்பது உதவும். அமெரிக்கச் சிற்பி லூயிஸ் நெவல்சன் தன் பல படைப்புகளில், தேடியெடுத்த மரத்துண்டுகள் அத்தனைக்கும் ஒரே கருப்பு பூசினார். சிதறல் அடங்க அது ஒரு வழி. இங்கே நீலம்தான் வேண்டும் என்பதால் முதலில் வைத்துப் பார்த்த வலை மிதவை வெளியே போனது. அதன் ஆரஞ்சு மற்ற எல்லாவற்றையும் தின்றது.

மொத்த எடை 6 கிலோவுக்குப் பக்கம். ஒற்றை ஆணி போதாது. 45 டிகிரி சாய்வில் அறுத்த, ஒன்றில் ஒன்று மாட்டும் மரச்சட்டம் இரண்டு: ஒன்று சுவரில் மூன்று ரால் பிளக்கோடு (திருகு பிடிக்கச் சுவர்த் துளையில் செருகும் குழல்), மற்றது அடிப்பலகையின் பின்னால் மேல் விளிம்பில். கீழே அதே தடிமனுக்கு ஒரு கட்டை வைத்தால் பலகை செங்குத்தாக நிற்கும், பின்னால் காற்றும் ஓடும். குளியலறைப் பக்கச் சுவர் மட்டும் வேண்டாம்.