மண்புழு செத்தால் போதுமா?

இறுதியாண்டுப் பிள்ளைகள் ஆய்வுத் தலைப்போடு வரும்போது ஒருவர் கையிலாவது பப்பாசி விதை இருக்கும், இல்லாவிட்டால் வேப்பிலை. சாறு எடுத்து, கிண்ணத்தில் மண்புழுவைப் போட்டு, எத்தனை நிமிடத்தில் அசைவு நின்றது, எத்தனை நிமிடத்தில் செத்தது என்று எழுதுவார்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் பைபரசீன் சிட்ரேட் என்ற குடற்புழு மருந்து. முடிவு எப்போதும் ஒன்றுதான்: குடற்புழுவுக்கு நல்ல பூச்சி மருந்து!

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மண்புழு ஈரத்தோலால் மூச்சு விடுவது. உப்புத்தண்ணீர் கொஞ்சம் கூடினாலே சுருண்டு செத்துவிடும். குடலில் கிடக்கும் உருண்டைப்புழு வேறு இனம், அதன் மேலுறையும் வேறு.

அதனால் அவர்களைச் செங்கலடிப் பக்கம் வெள்ளாடு வளர்க்கிற ஒரு அக்காவிடம் கூட்டிப்போவேன். "குளிசை குடுத்துத்தான் வாறன் மகள், மாரி வந்தா திரும்பவும் இளைக்குது" என்பார். ஆட்டின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தால் உள்பக்கம் வெள்ளையாக இருக்கும். அது நாலாம் வயிற்றில் இரத்தம் குடிக்கும் ஹீமோன்கஸ் புழுவின் வேலையாக இருக்கலாம்.

அந்தப் புழுவுக்கு மருந்து பிடிக்கிறதா என்று அதன் முட்டையை வைத்தே பார்க்கலாம். புழுக்கையை மலவாயிலிருந்தே எடுக்க வேண்டும், நிலத்தில் கிடந்ததைப் பொறுக்கக் கூடாது. மூன்று மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடம் வந்து சேர வேண்டும், பிந்தினால் முட்டை வளரத் தொடங்கிவிடும். கரைத்து, வடித்து, நிறைவுற்ற உப்புக்கரைசலில் விட்டால் முட்டை மேலே மிதந்து வரும். அதைக் கழுவி, தயபெண்டசோல் என்ற புழு மருந்து பல செறிவுகளில் உள்ள, ஆய்வுகூடத் தட்டின் சிறு குழிகளில் போட்டு, மருந்தில்லாத குழி ஒன்றும் வைத்து, 25 பாகை செல்சியஸில் 48 மணித்தியாலம். கடைசியில் ஒரு சொட்டு அயடீன் விட்டால் எல்லாம் அப்படியே நின்றுவிடும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் சில முட்டை பொரிக்காமல் கிடக்கும், சிலது வாலை நீட்டிய குடம்பியாக. மருந்து கூடின குழியிலும் குடம்பி நிறைய இருந்தால் அந்தப் பட்டிப் புழு, ஆட்டுக்குக் கொடுக்கும் அல்பெண்டசோலுக்கும் சாகாது என்று சந்தேகப்படலாம், இரண்டும் ஒரே குடும்ப மருந்து.

லெவமிசோல், ஐவர்மெக்டின் என்ற வேறு புழு மருந்துகளுக்கு இந்தச் சோதனை சரிவராது. அவை புழுவின் நரம்பையும் தசையையும் முடக்குபவை, முட்டை பொரிப்பதைத் தடுப்பதில்லை.

அக்காவிடம் முடிவைச் சொல்லப் போனபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "செம்மறிக்குக் குடுக்கிற அளவுதானே இதுக்கும்?" இல்லை அக்கா. வெள்ளாடு மருந்தை வேகமாகக் கழித்துவிடும், அல்பெண்டசோல் என்றால் செம்மறியை விடக் கூடத் தேவை. எவ்வளவு என்று மிருக வைத்தியரிடம் கேளுங்க, ஆட்டை எடை நிறுத்துப் பார்த்துவிட்டு.