மெழுகும் சாயமும் வாங்கித் தந்த நிலம்

திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால், ஈஞ்சம்பாக்கத்தில் கடல் பக்கமாகச் சோழமண்டலம் ஓவியர் கிராமம். மாமல்லபுரம் பேருந்துகள் இந்த வழிதான். பலரும் அரை மணி நேரத்தில் சுற்றிவிட்டு, அதே சாலையில் உள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

1966இல் இதைத் தொடங்கியவர் கே.சி.எஸ். பணிக்கர். அப்போது சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வர். படித்து முடித்த மாணவர்கள் ஓவியத்தை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போவதைத் தடுக்க அவர் கண்ட வழி கைவினை. எல்லோரும் சேர்ந்து, மெழுகு தடவிச் சாயமிடும் பத்திக் துணிகளும் பிற கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்தப் பணம்தான் சுமார் 10 ஏக்கர் நிலமாயிற்று. இந்த ஊரின் அடித்தளம் பத்திக் என்பதால் அதன் செய்முறை தெரிந்திருப்பது நல்லது.

தேன்மெழுகையும் பாரஃபின் மெழுகையும் சேர்த்து உருக்கி, சாயம் ஏறக்கூடாத இடங்களில் தடவுவார்கள். பாரஃபின் கூடினால் மெழுகு உடைந்து, விரிசல் வழியே சாயம் இறங்கி நரம்புபோல் கோடு விழும்; தேன்மெழுகு கூடினால் விரிசல் குறையும். மெழுகு போதிய சூடு இல்லாவிட்டால் துணிக்குள் இறங்காமல் மேலே வெள்ளையாகப் படியும். அடியில் சாயம் புகுந்து உருவம் கலங்கிவிடும். துணியைத் திருப்பிப் பார்த்து, பின்பக்கமும் மெழுகு ஊறியிருக்கிறதா என்று சரிபார்ப்பது அதனால்தான். சாயத் தொட்டி ஆறியிருக்க வேண்டும், இல்லையென்றால் மெழுகு உருகும். மஞ்சள் முதலில், கறுப்பு கடைசியில். முறை மாறினால் திருத்த வழியில்லை. ஒவ்வொரு நிறமும் காய்ந்த பிறகே அடுத்த மெழுகு.

உலோகச் சிற்பங்களுக்கு அதிக நேரம் கொடுங்கள். பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டி உருவமாக்கியவர். கோயில் மூலவருக்குச் சாத்தும் கவசத்தை நினைத்துக்கொண்டு பார்த்தால் முன்னால் நின்று பார்ப்பதற்கென்றே அமைந்த அந்த உருவம் பளிச்சென்று புரியும். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்துச் செய்தார். இவற்றின் பின்பக்கமும் போய்ப் பார்க்க வேண்டும். பற்றவைப்பு எங்கே தொடங்கி எங்கே நின்றது என்பது அங்கேதான் தெரியும். மெல்லிய தகட்டில் ஒரே இடத்தில் சூடு தங்கினால் தகடு நெளியும். நெளியாமல் தகட்டின் மேல் இத்தனை கம்பிகளை ஒட்டியிருப்பது பெரிய கைத்திறன். தோட்டத்துச் சிற்பங்களைக் காலையிலோ மாலையிலோ பாருங்கள், உச்சி வெயிலில் மேடுபள்ளம் தட்டையாகிவிடும்.

2009இல் திறந்த அருங்காட்சியகத்தில் ஜெ. சுல்தான் அலி, கே. ராமானுஜம் உள்ளிட்ட சென்னை இயக்கத்தாரின் (சென்னை ஓவியக் கல்லூரியைச் சுற்றி வளர்ந்த நவீன கலை இயக்கம்) படைப்புகளை ஒரே இடத்தில் காணலாம். ராமானுஜத்தின் கோட்டோவியங்கள் முன் நெருங்கி நில்லுங்கள்.

வெளியூர்க் கலைஞர்கள் தங்கி வேலை செய்ய விருந்தினர் இல்லமும் உண்டு. வர விரும்புவோர் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். மழை மாதங்களில் எண்ணெய் வண்ணம் காயத் தாமதமாகும். குறுகிய காலம் தங்குபவர்களுக்கு அக்ரிலிக் அல்லது மை வசதி. இரும்புக் கருவிகளை எண்ணெய் தடவிப் பொதிந்து வையுங்கள், உப்புக்காற்றில் சீக்கிரம் துரு ஏறும்.

அச்சோவியம் வாங்குவதானால் கீழ் ஓரத்தில் பென்சிலில் 3/25 போல எண்ணும் கையொப்பமும் இருக்கிறதா பாருங்கள். 25 படிகளில் மூன்றாவது என்று பொருள். சட்டம் போடும்போது தாள் கண்ணாடியைத் தொடாதபடி நடுவே அட்டை வைக்கச் சொல்லுங்கள். தொட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.