வெள்ளைக் கோட்டுச் சாலைகள்: ஆர்தேஷ் மலைகளில் ஆறு மாதம்

ஏப்ரல் முதல் வாரம் தென்கிழக்கு பிரான்ஸின் வாலான்ஸ் நகரிலிருந்து சைக்கிளில் ரோன் நதிப் பாலத்தைத் தாண்டி, சான் பெரே ஊர் வழியாக சான் ரொமான் த லெர்ப்ஸ் மேட்டுக்கு ஏறிப் பார்த்தேன். ஏற்றம் மட்டும் சுமார் 10 கிலோமீட்டர். நதிக்கரை 120 மீட்டர் சொச்சம், மேடு 650 மீட்டர். மூன்று இடத்தில் இறங்கித் தள்ளினேன். மேலே போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று, முழங்கால் மறுநாள் வரை வலித்தது. ஆனால் உச்சியில் நின்று ரோன் பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் விரிந்து கிடப்பதையும், எதிரே வெர்கோர் மலை ஒரே நீலச் சுவராக நிற்பதையும் பார்த்தபோது மனசு நிறைந்துவிட்டது. இந்த வருடம் ரோனுக்கு மேற்கே உள்ள இந்த ஆர்தேஷ் மலைப் பக்கம்தான் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

முதலில் கியரைச் சரி செய்தேன். என் சைக்கிளில் முன்னால் சின்னப் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரியதில் 25 பல். பெடலை ஒரு சுற்று மிதித்தால் வண்டி கிட்டத்தட்ட 2.85 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 10 கிலோமீட்டர். ஏழு சதவீத ஏற்றத்தில் எனக்கு அந்த வேகம் தாங்காது. சுற்று நாற்பதுக்கு இறங்கிவிடும், ஒவ்வொரு மிதியிலும் முழங்கால்தான் அடி வாங்கும். பின்னால் பெரியதில் 34 பல் உள்ள கேசட், அதாவது பல்சக்கர அடுக்கு, போட்ட பிறகு ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர் ஆனது. அதே 60 சுற்றில் மணிக்கு ஏழரை கிலோமீட்டர். ஏற்றத்தில் உழைப்பும் வேகத்தோடு சேர்ந்தே குறையும், ஆக கால் பங்கு மிச்சம். ஒன்று கவனிக்க வேண்டும்: செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் மாற்றும் கருவியான டீரெய்லர் பழையதாகி, அதன் கை குட்டையாக இருந்தால் இவ்வளவு பெரிய பல்சக்கரத்துக்கு ஈடுகொடுக்காது. நான் அதையும் செயினையும் சேர்த்தே மாற்றினேன். டயரையும் 25 மில்லிமீட்டரிலிருந்து 28க்கு மாற்றி, காற்றைக் கொஞ்சம் குறைத்தேன். ஏப்ரல் கடைசியில் அதே மேட்டை இறங்காமல் ஏறினேன். 1 மணி 12 நிமிடம்.

அடுத்தது சாலை. ரோன் ஓரமாகப் போகும் டி 86 சாலையில் லாரிகள் ஓயாது. அதில் போய் மலை அடிவாரத்தைத் தொடுவதற்குள் பாதித் தெம்பு போய்விடும். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருக்கிறார், நாற்பது வருடமாக சைக்கிள் ஓட்டுபவர். மிஷலின் சாலை வரைபடத்தை மேசையில் விரித்து, “சிவப்புக் கோட்டுச் சாலைகளை விட்டுவிடுங்கள். மஞ்சளை ஊர் தாண்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வெள்ளைதான்” என்றார். வெள்ளை என்றால் ஊருக்கும் பண்ணைக்கும் இடையே ஓடும் ஒற்றைச் சாலைகள். ஓரத்தில் பச்சைக் கோடு இருந்தால் காட்சி அழகு. கோட்டின் மேல் ஒரு அம்புக்குறி இருந்தால் 5 முதல் 9 சதவீத ஏற்றம், இரண்டு இருந்தால் 9 முதல் 13, மூன்று இருந்தால் அதற்கும் மேல். அம்பு பார்க்கும் பக்கம் மேடு. போனில் வழி போட்டுக்கொண்டு போவதைவிட இந்தக் காகிதம் எனக்குப் பிடித்துவிட்டது. எங்கே மூச்சு வாங்கும், எங்கே ஆறும் என்று முதல் நாள் இரவே மனசில் பதிந்துவிடுகிறது.

மே மாதம் முழுக்க தூ நதியின் இரு பக்கத்து மலைகளில் சுற்றினேன், துர்னோனில் தொடங்கி லமாஸ்த்ர் வரை. சில காலைகளில் இரண்டு மணி நேரத்துக்கு நாலு கார்தான் எதிரே வந்தன. ஊருக்கு வெளியே சைக்கிளைத் தாண்டும் கார் ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்பது இங்கே சட்டம். அந்தக் குறுகல் சாலைகளில் அப்படித் தள்ள இடமில்லாததால் பலர் பின்னாலேயே பொறுமையாக வந்து, வளைவு முடிந்ததும் கை காட்டிவிட்டுப் போனார்கள். சாலையோரம் மஞ்சள் தலை வைத்த கிலோமீட்டர் கற்கள். ஒன்றின் பக்கத்தில் மூச்சு வாங்க நின்றபோது பார்த்தேன்: மஞ்சள் பெயின்ட் உரிந்த இடத்திலெல்லாம் கற்பாசி படர்ந்து, அதுவும் ஆரஞ்சு கலந்த மஞ்சளாக இருந்தது. பெயின்ட் எது, பாசி எது என்று விரலால் தடவித்தான் தெரிந்துகொண்டேன்.

ஜூனில் ஒரு ஞாயிறு லமாஸ்த்ரிலிருந்து புய்சோன் கணவாய்க்கு ஏறினேன். லமாஸ்த்ர் 370 மீட்டர், கணவாய் 920. ஏற்றம் கொடூரமில்லை, சராசரி நாலு சதவீதம்தான். செஸ்ட்நட் மரங்கள் பூத்திருந்தன. வெளிர்மஞ்சள் நூல் நூலாகத் தொங்கும் பூக்கள், ஒரு மாதிரி கனத்த வாசனை. பாதி வழியில் திடீரென்று கால் காலியானது. கை நடுங்கியது, கண் முன்னால் சாலை லேசாக ஆடியது. காலையில் ஒரு காபி, ஒரு குருவாசான் ரொட்டி, அவ்வளவுதான். ஊரில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். ஞாயிறு பகலில் சிற்றூரில் பேக்கரி பூட்டிவிடும் என்பது தெரியாமலில்லை, நேரம் பார்க்க மறந்துவிட்டேன். மரத்தடியில் உட்கார்ந்து, பையின் அடியில் கிடந்த இரண்டு பேரீச்சம்பழத்தைத் தின்றேன். பத்து நிமிடத்தில் தலை தெளிந்தது. அன்றிலிருந்து முக்கால் மணிக்கு ஒருமுறை பசித்தாலும் பசிக்காவிட்டாலும் எதையாவது வாயில் போடுகிறேன். தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டம். அநேகமாக எந்தச் சிற்றூரிலும் அங்கே ஒரு குழாய் இருக்கும். ‘குடிக்க உகந்ததல்ல’ என்ற பலகை இல்லையா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பசிக்கு முன் உண், தாகத்துக்கு முன் குடி என்ற அறிவுரை இந்த மலைகளுக்கு வடக்கே, சான் எத்தியேனில் வாழ்ந்த ஒருவரிடமிருந்து வந்தது. போல் த விவி, 1853இல் பிறந்து 1930இல் இறந்தவர். ‘வெலோசியோ’ என்ற பெயரில் எழுதுவார். ஏற்றத்துக்கு ஒரு கியர், சமவெளிக்கு ஒரு கியர் வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க வாதாடியவர். டூர் டி பிரான்ஸை நடத்திய ஆன்ரி தெக்ரான்ஜ் போன்றவர்கள் கியர் மாற்றுவதை வயதானவர்களுக்கான வசதி என்று ஒதுக்கினார்கள். அந்தப் பந்தயத்தில் டீரெய்லரை அனுமதித்ததே 1937இல்தான். சான் எத்தியேனுக்கு மேலே 1161 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரெப்யூப்ளிக் கணவாயில் வெலோசியோவுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. ஜூலையில் அதற்காகவே ஒருநாள் ஏறிப் போனேன். என் 34 பல் கேசட்டை அவர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்று உண்மையாகவே தோன்றியது.

ஜூலைக் கடைசியில் விழுந்தேன். கோடையில் இந்தச் சின்னச் சாலைகளுக்குத் தார் தெளித்து, மேலே பொடி ஜல்லியைத் தூவிவிட்டுப் போய்விடுவார்கள். வண்டிகள் ஓடி ஓடித்தான் அது பதியும். ‘கிராவியோன்’ (பொடி ஜல்லி) என்ற பலகையைப் பார்த்துவிட்டு, சான் ஃபெலிசியான் இறக்கத்தில் வேகத்தைக் குறைக்கத்தான் செய்தேன். ஆனால் வளைவுக்குள் நுழைந்த பிறகு முன் பிரேக்கைத் தொட்டேன். முன் சக்கரம் மெதுவாக, சத்தமே இல்லாமல் நழுவியது. முழங்கையில் தோல் போனது, வேறு சேதமில்லை. பிரேக்கை வளைவுக்கு முன்னாலேயே முடித்துக்கொள், ஜல்லியில் வண்டியைச் சாய்க்காதே என்று அப்புறம் தபால்காரர் சொல்லித் தந்தார். சக்கரம் பட்டுச் சுத்தமான தடத்திலேயே போவது எல்லாவற்றையும்விட நல்லது.

ஆகஸ்டில் வெயில் அதிகம். விடிகாலையில் மட்டும் ஓட்டினேன், லாலுவே வரை இரண்டு முறை. 1080 மீட்டர் உயரத்தில் குளிர்ந்த ஊர், பெரிய பசிலிக்கா, யாத்திரிகர்கள். வழியில் சான் ஃபெலிசியான் சுற்றுவட்டாரத்து வேலிகளில் மஞ்சளும் ஊதாவும் அடித்த பழைய சைக்கிள்கள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. 1992 முதல் ஜூன் மாதத்தில் நடக்கும் ஆர்தேஷுவாஸ் சைக்கிள் விழாவுக்காக ஊர்க்காரர்கள் கட்டியவை.

செப்டம்பரில்தான் பெரிய பயணம், இரண்டு நாள். முதல் நாள் ரோன் கரையில் லா வூல்த்திலிருந்து எய்ரியூ ஆற்றோடு லெ ஷெய்லார் வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். பழைய குறும்பாதை ரயில் தடம் அது. 1968இல் ரயில் நின்றது, இப்போது ‘தோல்சே வியா’ என்ற சைக்கிள் பாதை. தார் கிடையாது, இறுக்கிய பொடிமண். 28 டயர் தாங்கியது. ரயிலுக்குப் போட்டது என்பதால் ஏறுகிறோம் என்பதே தெரியாது. ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்தால் ஆறு இன்னும் கொஞ்சம் கீழே போயிருக்கும், அவ்வளவுதான்.

மறுநாள் லெ ஷெய்லாரிலிருந்து சான் மார்சியல் வழியாக ஜெர்பியே த ஜோன் குன்றுக்கு. அடிவாரச் சாலையே 1400 மீட்டருக்கு மேல், ஆக சுமார் 1000 மீட்டர் ஏற்றம். மூன்று மணி 40 நிமிடம், இரண்டு தடவை உட்கார்ந்து சாப்பிட்ட நேரம் சேர்த்து. எங்கேயும் தள்ளவில்லை. செஸ்ட்நட் காடு முடிந்து, பீச் (beech) என்னும் காட்டு மரங்கள் முடிந்து, வெறும் புல்வெளியும் காற்றும் வந்தபோது தலைக்கு மேலே 1551 மீட்டரில் அந்த எரிமலைக் குன்று கூம்பாக நின்றது. ஆயிரம் கிலோமீட்டர் ஓடி அட்லாண்டிக்கில் கலக்கும் லுவார் நதி அதன் அடியில் பிறக்கிறது. நான் ஏறி வந்த பக்கத்து ஓடைகளெல்லாம் ரோனில் விழுந்து மத்தியதரைக் கடலுக்குப் போகின்றன. ஒரு பண்ணைக் கட்டடத்துக்குள் குழாய் வழியாகக் கல் தொட்டியில் விழுந்த லுவார் தண்ணீரில் கையை நனைத்து, முழங்கையில் ஆறிய தழும்பையும் கழுவிக்கொண்டேன்.

சான் ரொமான் மேட்டை அக்டோபர் முதல் ஞாயிறு மறுபடி ஏறினேன். 58 நிமிடம். வேட்டைக் காலம் தொடங்கிவிட்டதால் ஆரஞ்சு மேல்சட்டை போட்டுக்கொண்டுதான் போனேன். பின் டயரின் நடுப்பகுதி தட்டையாகிவிட்டது, மாற்ற வேண்டும்.