93 டிகிரி

செப்டம்பர் 6, 2022, செவ்வாய்

இன்றும் இரண்டே கரண்டி. அதற்குமேல் வேண்டாம் என்று அத்தை கையை உயர்த்திவிட்டார். கீமோ மருந்து ஏற்றியதிலிருந்து எதை வாயில் வைத்தாலும் தகரத்தை நக்குவதுபோல் இருக்கிறதாம்.

செப்டம்பர் 7, புதன்

"கால்தோ இருந்தால் குடிப்பேன்" என்றார் அத்தை. காலையில், ஜன்னலைப் பார்த்தபடி, யாரிடமும் சொல்லாததுபோல. கோழியா என்று கேட்டேன். "தே ரெஸ்" என்றார். மாட்டுக்கறி சூப். பதினாறு நாளில் அவர் வாய்திறந்து கேட்ட முதல் சாப்பாடு. இவருக்கு அலுவலகத்துக்கு போன் போட்டுச் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சே இல்லை.

பதினோரு வருடமாக மெக்சிகோ நகரத்தில், இந்த வீட்டில் இருக்கிறேன். அந்தச் சூப்பை ஒருமுறைகூட நான் வைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் அடுப்படி அத்தையுடையது. நான் காய் நறுக்கிக் கொடுப்பேன், மேசை துடைப்பேன். எந்தக் காயை எப்போது போட்டார், தண்ணீர் எவ்வளவு, மூடி போட்டாரா, திறந்து வைத்தாரா? ஒன்றையும் பார்க்கவில்லை. ஐந்நூறு ஞாயிறுகளாவது அந்தக் குண்டான் என் கண்முன்னால் கொதித்திருக்கும்.

செப்டம்பர் 8, வியாழன்

போர்ட்டாலெஸ் சந்தைக்குப் போய் வந்தேன். கறிக்கடைக்காரரிடம் கால்தோ என்றதும் அவரே சம்பாரெத்தேயை எடுத்து வைத்தார். மாட்டின் கணைக்கால், எலும்போடு குறுக்கே அறுத்தது, நடுவில் மஜ்ஜை நிறைந்த வட்டம். ஒன்றரை கிலோ. நல்லி எலும்பு இரண்டு தனியாக.

காய்க்கடையில் வெள்ளை மக்காச்சோளம் நான்கு, கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ், பிஞ்சுச் சுரை போன்ற கலபசீத்தா, கால் முட்டைக்கோஸ், சாயோத்தே இரண்டு. சாயோத்தே என்பது நம் சௌ சௌதான். அம்மா பெங்களூர் கத்திரிக்காய் என்று சொல்லிக் கூட்டு வைப்பாள். அதன் பிறந்த ஊர் இது. பெயரே இந்த ஊர்ப் பூர்வகுடிகளின் நாவாட்ல் மொழியிலிருந்து வந்தது. வந்த முதல் மாதம் இதே கடையில் இதைப் பார்த்து அழுதேன். கடைக்காரம்மா ஒரு கட்டு கொத்தமல்லியைக் கொசுறாகப் பையில் திணித்தார். கொசுறுக்கு இங்கே பிலோன் என்று பெயர். கேட்காமலே கொடுப்பார்கள்.

சூப் கெட்டுப்போயிற்று. அவசரத்தில் பெருந்தீயில் வைத்துவிட்டேன். இரண்டு மணி நேரம் தளதளவென்று கொதித்தும் கறி ரப்பராக இருந்தது, சாறு அரிசி கழுவிய தண்ணீர்போல் கலங்கிப்போனது. சந்தேகம் வந்து வெப்பமானியை விட்டுப் பார்த்தேன். 93. கொதித்துக்கொண்டிருக்கும் தண்ணீர், 93 டிகிரி! வெப்பமானி பழுதில்லை, ஊர் அப்படி என்று இவர் சொன்னார். மெக்சிகோ நகரம் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. என்ன தீ வைத்தாலும் தண்ணீர் அதற்குமேல் சூடாகாது. பருப்பு வேக இங்கே ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது என்று பதினோரு வருடம் எனக்குத் தோன்றவே இல்லை, குக்கரில் போட்டுவிடுவதால்.

அத்தை கிண்ணத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கரண்டி.

செப்டம்பர் 10, சனி

குக்கரில் வைத்தேன். ஐம்பது நிமிடத்தில் கறி எலும்பைவிட்டுக் கழன்றது, சாறும் தெளிவு. எனக்கு ஒரே சந்தோஷம். அத்தை மூன்று கரண்டி குடித்துவிட்டு, "வீடு மணக்கவில்லையே, மிஹா" என்றார். மிஹா என்றால் மகளே.

நாக்கு போய்விட்டது, மூக்கு போகவில்லை. அது எனக்கு உறைக்கவே இல்லை. மூன்று மணி நேரம் வீடெல்லாம் பரவுகிற அந்த வாசனையைத்தான் அவர் கேட்டிருக்கிறார். நான் அதை மூடி போட்டு, வெயிட் வைத்து அடைத்துவிட்டேன்.

செப்டம்பர் 11, ஞாயிறு

நாத்தனார் போனில் ஒரு மணி நேரம். தக்காளி அரைத்து ஊற்றவில்லையா, காய்ந்த மிளகாய் போடவில்லையா, அதனால்தான் அம்மா குடிக்கவில்லை என்று. மிளகாய் அரைத்து ஊற்றினால் அது மோலே தே ஓலா, வேறு சமையல், வேறு நாள். எனக்கு அந்த அளவு தெரியும். வாய்ப்புண்ணோடு இருப்பவருக்கு மிளகாயா? கோபத்தில் போனை வைத்துவிட்டேன். அப்புறம் நானே கூப்பிட்டேன். அவரும் அழுதுகொண்டுதான் இருந்தார். வர முடியவில்லையே என்றுதான் அவ்வளவு பேச்சும்.

செப்டம்பர் 12, திங்கள்

ஒன்றுமில்லை. ஜெல்லி, தண்ணீர்.

செப்டம்பர் 14, புதன்

நான்கு மணி நேரம் காத்திருக்க வைத்தபின், இன்று மருந்து ஏற்ற முடியாது என்று சொன்னார்கள். வெள்ளணுக்கள் குறைவு. 26-ஆம் தேதிக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். அதுவரை பச்சையாக எதுவும் கூடாது. அப்படியென்றால் சூப்பின்மேல் தூவுகிற பச்சை வெங்காயம் இல்லை, கொத்தமல்லி இல்லை. எலுமிச்சை பிழிந்தால் புண் எரியும், செர்ரானோ மிளகாயைப் பற்றிப் பேச்சே இல்லை. கால்தோவைச் சாப்பிடுகிறவர்கள் பாதிச் சுவையை மேசையில்தான் சேர்க்கிறார்கள். அந்தப் பாதி எங்களுக்கு இல்லை. மீதிப் பாதியில் எல்லாமே இருந்தாக வேண்டும்.

இரும்புக் கரண்டி வேண்டாம், மரக்கரண்டியில் கொடுங்கள் என்று நர்ஸ் ஒருவர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நல்ல மனுஷி. தகர ருசி கொஞ்சம் குறையுமாம்.

செப்டம்பர் 15, வியாழன்

நாளை சுதந்திர நாள். இரவு பதினொன்றுக்குத் தொலைக்காட்சியில் மணி அடித்து "விவா மெஹிகோ" என்றார்கள். தெருவெங்கும் வெடி. அத்தை தூங்கிவிட்டார். போன வருடம் இந்த நேரம் பொசோலே என்கிற சோளமும் கறியும் போட்ட சூப் கொதித்துக்கொண்டிருந்தது, முப்பது பேர் வீட்டில்.

செப்டம்பர் 17, சனி

நாற்காலியை அடுப்படி வாசலில் போடச் சொன்னார்! போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். நீலத்தில் வெள்ளைப் புள்ளி தெளித்த அந்தப் பழைய பெல்த்ரே குண்டானை எடுக்கச் சொன்னார். எனாமல் விளிம்பில் இரண்டு இடத்தில் உதிர்ந்து கருத்திருக்கும். அதை எறிந்துவிட்டுப் புதிது வாங்கலாம் என்று நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

கறியும் எலும்பும் குளிர்ந்த தண்ணீரில். சிறு தீ. அரை மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு திரள் கிளம்பியது. இன்னொன்று. இரண்டும் நகர்ந்து ஒட்டிக்கொண்டன. கரண்டியைச் சாய்த்து மேலாக வழித்து, பக்கத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் அலசி, மறுபடி வழித்தேன். முதலில் வருகிற நுரை சாம்பல், அடுத்து பழுப்பு, கடைசியில் வெறும் வெள்ளை. வெள்ளை வந்ததும் அத்தை தலையசைத்தார். கறியின் புரதம் உறைந்து மேலே வருவதுதான் இது. தண்ணீர் தளதளவென்று கொதித்தால் நுரை உடைந்து சாற்றிலேயே கலந்துவிடும். 8-ஆம் தேதி நான் செய்தது அதைத்தான். இந்த ஊரின் 93 டிகிரியை அவர் ஒருநாளும் அளந்து பார்த்தவர் இல்லை. மேற்பரப்பு லேசாகச் சிரிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

அப்புறம்தான் பாதி வெங்காயம், குறுக்கே வெட்டிய முழுப் பூண்டு, பிரிஞ்சி இலை, உப்பு. மூன்றேகால் மணி நேரம். காய்களுக்கு அவர் புருவம்தான் உத்தரவு. நான் கேரட்டைக் கையில் எடுத்தால் ஏறும், கலபசீத்தாவை எடுத்தால் இறங்கும். சோளமும் கேரட்டும் முதலில். பிறகு உருளை, சாயோத்தே, பீன்ஸ். கலபசீத்தாவும் கோஸும் கடைசிப் பத்து நிமிடத்தில். கோஸை நறுக்கக் கூடாது, தண்டோடு பெரிய துண்டமாகப் போட வேண்டும், அப்போதுதான் இதழ் பிரியாது. இறக்குவதற்கு முன் ஒரு கொத்துப் புதினா.

ஒரு தவறு செய்தேன். கடிக்க முடியாதே என்று சோளத்தை மட்டும் முத்துமுத்தாக உதிர்த்துப் போட்டேன். கிண்ணத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "இது குழந்தைக்கா?" என்றார். பிறகு வாய் திறக்கவில்லை. சோளத்தின் தக்கையில்தான் இனிப்பு, அது சாற்றில் இறங்கினால்தான் கால்தோ என்று இவர் ராத்திரி சொன்னார். எனக்கு ஏன் முன்னமே சொல்லவில்லை?

ஆறு கரண்டி. மரக்கரண்டியில்.

செப்டம்பர் 18, ஞாயிறு

அம்மாவுக்கு நான் இப்படி ஒரு கரண்டிகூடக் கொடுக்கவில்லை.

செப்டம்பர் 19, திங்கள்

கை இன்னும் நடுங்குகிறது, எழுதிவிடுகிறேன்.

பத்தரைக்கே குண்டானை ஏற்றிவிட்டேன். சோளம் இந்த முறை தக்கையோடு, தடித்த வட்டங்களாக. 12.19-க்கு நாடு முழுவதும் நிலநடுக்க ஒத்திகை; எச்சரிக்கை ஒலி அலறியது. மூன்றாவது மாடியிலிருந்து அத்தையை ஒத்திகைக்காக இறக்குவதா என்று இருந்துவிட்டோம். கீழே போனவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு திரும்பி வந்தார்கள். 1.05-க்கு மறுபடி அந்த ஒலி. யாரோ தவறாக அழுத்திவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். விளக்கு ஆடியது.

எரிவாயுவை அணைத்தேன். அத்தையின் நாற்காலியைத் தூணோரம் இழுத்துப் போட்டு, அவர்மேல் கவிழ்ந்து நின்றேன். சுவர் முனகுகிற சத்தம். 2017-இல் இதே போர்ட்டாலெஸில் புதுக் கட்டடம் ஒன்று இடிந்தது. வேறு எதுவும் என் நினைவுக்கு வரவில்லை. அத்தை கண்ணை மூடிக்கொண்டு எண்ணினார். 1985-இலும் எண்ணினாராம். 1985, 2017, இன்று. மூன்றும் செப்டம்பர் 19. அளவு 7.7 என்கிறார்கள், மிச்சோகான் மாநிலத்தில்.

நின்றபின் அவர் கேட்ட முதல் கேள்வி: "அடுப்பை அணைத்தாயா?" அணைத்துவிட்டேன் என்றேன். "அப்படியானால் பற்றவை, காய் குழைந்துவிடும்." வாயுக் கசிவு இல்லை என்று மாடி மாடியாகப் பார்த்துச் சொல்லும்வரை பற்றவைக்கவில்லை. குண்டான் அசையவே இல்லை. சாறு மட்டும் ததும்பி அடுப்பைச் சுற்றி ஒரு வளையம். இவர் அலுவலகத்திலிருந்து நடந்தே வந்து சேர நாலரை ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் சாப்பாடு.

அத்தை ஒரு கரண்டி வாயில் வைத்தார். வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "உப்பு பத்தவில்லை."

உப்பு பத்தவில்லை! நான் ருசி பார்த்தேன். உண்மையிலேயே பத்தவில்லை. பதற்றத்தில் இரண்டாம் முறை போட மறந்திருக்கிறேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது. இவர் அடுப்படிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். நான் உப்பை எடுக்கப் போனவள் டப்பாவைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

முழுக் கிண்ணம். சோள வட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து, கடிக்காமல், சாற்றை மட்டும் உறிஞ்சினார்.

செப்டம்பர் 20, செவ்வாய்

மிச்சம் இருந்த சாறு குளிர்பெட்டியில் ஜெல்லியாக உறைந்துவிட்டது. கிண்ணத்தைத் தட்டினால் மொத்தமாக அதிர்கிறது. கணைக்கால் தசைநார் கரைந்ததனால் வருவது இது. மேலே படிந்த கொழுப்பை ஒரே தட்டாகப் பெயர்த்து எடுத்தேன். சூடாக்கி மதியம் அரைக் கிண்ணம், இரவு அரைக் கிண்ணம்.

எடை 300 கிராம் கூடியிருக்கிறது. இரண்டு முறை நிறுத்துப் பார்த்தேன்.

செப்டம்பர் 22, வியாழன்

இரவு 1.16-க்கு மறுபடி. 6.9. இம்முறை இவர் அத்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். தெருவில் போர்வையோடு ஜனங்கள், நாய்கள், ஒரு குழந்தை விடாமல் அழுகை. பிளாஸ்டிக் நாற்காலியில் அத்தையை உட்காரவைத்தோம். பாதம் சில்லிட்டிருந்தது, என் மடியில் வைத்துத் தேய்த்தேன். எதிர்வீட்டு அம்மாள், "என்ன சாப்பிடுகிறார்?" என்று கேட்டார். "மருமகள் வைக்கிற கால்தோ" என்றார் அத்தை. என்னை யாரிடமும் அப்படி அவர் சொல்லிக் கேட்டதில்லை. எப்போதும் "என் மகனின் மனைவி" என்பார்.

இரண்டரைக்கு மேலே வந்ததும் பசிக்கிறது என்றார். ஒரு கோப்பை சூடாக்கினேன்.

செப்டம்பர் 23, வெள்ளி

தகரம் திரும்பி வந்துவிட்டது. ஒன்றும் இறங்கவில்லை.

செப்டம்பர் 24, சனி

நேற்று மாதிரியேதான். உப்பு கூட்டிப் பார்த்தேன், குறைத்துப் பார்த்தேன். அவர் ஊரான இதால்கோவில் ஷொகொநோஸ்ட்லே போடுவார்களாம், அந்தப் புளிப்புக் கள்ளிப்பழம். புளிப்பு தகர ருசியை வெட்டுமா, இல்லை புண்ணை எரிக்குமா? புண் ஆறிவிட்டதுபோல்தான் இருக்கிறது. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். பொறுமையாகக் காட்டினார்.

சந்தை மூடும் நேரத்தில் ஓடிப்போய் இரண்டு பழம் வாங்கி வந்தேன். தோலும் விதையும் நீக்கி, நான்காக வெட்டி, சோளத்தோடு போட வேண்டுமாம். கடைக்காரம்மா காசு வாங்கவில்லை. பிலோன் என்றார்.

செப்டம்பர் 25, ஞாயிறு

நாளை காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நேற்று எடுத்த ரத்தத்தின் முடிவு அங்கே போனால்தான் தெரியும்.

அத்தை இன்னும் எழவில்லை. நாற்காலியை வாசலில் போட்டு வைத்திருக்கிறேன். குண்டானை ஏற்றி இருபது நிமிடம் ஆகிறது. நுரை இன்னும் வரவில்லை.