தறிக் கொட்டகையில் விமான இறக்கை: எதை இங்கே வாங்கலாம், எதை வாங்கக் கூடாது

கோவையைச் சுற்றி இருப்பவர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. எந்த உருப்படியானாலும் கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ ஒரு லேத் பட்டறையில் காட்டினால் போதும், சாயங்காலத்துக்குள் செய்து கையில் கொடுத்துவிடுவார்கள். பாகங்களை வாங்கி நாமே கட்டும் கிட் விமானத்தின் இறக்கை வேலையில் அந்த நம்பிக்கை பாதிக்கு மேல் பலிக்கிறது. மீதியில்தான் பணமும் தகடும் வீணாகின்றன. சோமனூர் பக்கம் ஒரு பழைய விசைத்தறிக் கொட்டகையில் ஆர்.வி. என்ற கிட் விமான வகையின் அலுமினிய இறக்கைகள் இரண்டையும் முடித்த பிறகு, சாமான் பட்டியலைப் புதிதாக எழுதினால் எப்படி எழுதுவோமோ அப்படி எழுதுகிறோம்.

பட்டறையில் கிடந்துவிடப் போகிற கருவிகளை இங்கேயே செய்துகொள்ளலாம். விமானத்தோடு பறக்கப் போகிற ரிவெட், போல்ட், கசிவை அடைக்கும் பசையான சீலன்ட் எதற்கும் உள்ளூர் மாற்று கிடையாது. இரண்டுக்கும் நடுவே ஒரு சின்னக் கூட்டம் இருக்கிறது: தகட்டைக் குழிவாக அமுக்கும் டிம்பிள் டை, ரிவெட் தலைக்குக் குழி சீவும் கவுன்ட்டர்சிங்க் கட்டர். கருவிதான், ஆனால் ரிவெட் தலை உட்காரும் குழியின் கோணத்தைத் தீர்மானிப்பவை. அவற்றையும் வெளியிலிருந்தே வரவழைக்க வேண்டும்.

அதற்குக் காரணம் இதுதான். நம் கடைகளில் கவுன்ட்டர்சிங்க் என்று கேட்டால் 90 டிகிரி கட்டர்தான் தருவார்கள். விமான ரிவெட்டின் தலை 100 டிகிரி. 90 டிகிரி குழியில் அதை உட்கார வைத்தால் மேலிருந்து பார்க்கக் கச்சிதமாக இருக்கும், நகத்தால் தடவினாலும் தட்டுப்படாது. ஆனால் தலை விளிம்பில் மட்டும்தான் தாங்கி நிற்கும், கழுத்தைச் சுற்றி இடைவெளி இருக்கும். நூறு மணி நேரம் பறந்தால் அந்த ரிவெட் ஆட ஆரம்பித்து, தலையைச் சுற்றிக் கருப்பு மை மாதிரி அலுமினியத் தூள் கசியும். இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாரின் விளிம்பில் ஒரு தடவை தப்பாகச் சீவிவிட்டால் திருப்பி ஒட்ட முடியாது. எனவே 40-ஆம் நம்பர் துளைக்குள் நுழையும் வழிகாட்டி முனை (பைலட்) உள்ள 100 டிகிரி கட்டர் இரண்டு, ஆழத்தைப் பிடித்து நிறுத்தும் மைக்ரோஸ்டாப் கூடு ஒன்று. கூட்டைச் செட் செய்யும்போது ஸ்பாரில் கை வைக்காதீர்கள். அதே கனமுள்ள கழிவுத் துண்டில் பத்துத் துளை போட்டு, டிம்பிள் அடித்த ஸ்கின் (இறக்கையின் வெளித்தகடு) துண்டை மேலே வைத்துப் பாருங்கள். ஸ்கின்னின் குழிவு கீழே இறங்கி உட்கார வேண்டியிருப்பதால், ரிவெட் தலைக்குத் தேவையானதைவிட ஒரு மயிரிழை ஆழம் கூடுதலாக வேண்டும்.

ட்ரில் பிட் விஷயத்தில் அவ்வளவு கெடுபிடி வேண்டாம். 3/32 அங்குல ரிவெட்டுக்கான 40-ஆம் நம்பர் பிட் என்பது 2.49 மி.மீ., நம்மூர் 2.5 பிட் அதற்குத் தாராளமாக ஆகும். 30-ஆம் நம்பர் 3.26 மி.மீ., அதற்கு 3.25 அல்லது 3.3 கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் 3.2 எடுத்துக் கொடுத்து "எல்லாம் ஒன்னுதாங்க" என்பார். ஒன்றில்லை. 1/8 அங்குல ரிவெட்டின் தண்டே 3.18 மி.மீ. இருக்கிறது. பிரைமர் பூசிய பிறகு 3.2 துளைக்குள் அதை இடித்துத்தான் இறக்க வேண்டியிருக்கும், போகும் வழியில் துளையின் ஓரத்தைக் கீறும். முனை 135 டிகிரி பிளந்த கோபால்ட் பிட்டாக 40-ல் ஒரு டஜன், 30-ல் அரை டஜன் இருந்தால் இரண்டு இறக்கைக்கும் காணும்.

தகடுகளைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் கிளீக்கோவில் கஞ்சம் பிடிப்பவர்கள் பிறகு வருந்துவார்கள். 3/32 துளைக்கு வெள்ளி நிறம், 1/8-க்குச் செம்பு நிறம், 5/32-க்குக் கருப்பு. வெள்ளி 500, செம்பு 150, கருப்பு 25 வைத்துக்கொண்டால் ஒரு ஸ்கின் முழுவதையும் துளை விட்டுத் துளை பிடித்து வைக்கலாம். 200-ஐ வைத்துச் சமாளித்தால், ஒரு பக்கம் கழற்றி இன்னொரு பக்கம் மாட்டும்போது தகடு தளர்ந்து, துளைகள் ஒன்றுக்கொன்று அரை இழை விலகிவிடும். பழையது விலைக்கு வந்தால் வாங்கலாம். துரு ஏறிய ஸ்பிரிங் மட்டும் பார்த்துத் தள்ளுங்கள்.

கம்ப்ரஸருக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை. 3 எச்.பி., 150 லிட்டர் தொட்டிக்கு மேல் போக வேண்டியதில்லை. ரிவெட் கன் குடிக்கும் காற்று கொஞ்சம்தான், ஏர் ட்ரில்தான் தொட்டியைக் காலி செய்யும். அதைவிட முக்கியம், குழாயின் கடைசியில், கன்னுக்குப் பக்கத்தில், ஒரு ரெகுலேட்டரும் கேஜும். 3/32 ரிவெட்டுக்கு 30 பி.எஸ்.ஐ., 1/8-க்கு 40 என்று தொடங்கி, கழிவுத் துண்டில் அடித்துப் பார்த்துத் திருத்துங்கள். அழுத்தம் குறைவாக இருந்தால் அடி நீளும், ரிவெட் உறுதிப்பட்டு வெடிக்கும். அதிகமானால் கன் துள்ளி ஸ்கின்னில் நிலாப்பிறை மாதிரி வடு விழும், அது பெயின்டுக்கு அடியிலும் தெரியும். கருவிக்கு ஒரு குழாய், பெயின்டுக்கு வேறு குழாய் வைத்துக்கொள்ளுங்கள். கருவிக் குழாயில் எண்ணெய் விட்டே ஆக வேண்டும், அந்த எண்ணெய் ஒரு துளி பிரைமரில் கலந்தாலும் மீன்கண் (பூச்சு ஒதுங்கி நிற்கும் வட்டப் புள்ளி) விழும். காலையில் முதல் வேலை தொட்டியின் அடி வால்வைத் திறந்து தண்ணீரை வடிப்பது.

ரிவெட் அடிக்கும்போது பின்னால் தாங்கிப் பிடிக்கும் பக்கிங் பார் இங்கேயே செய்யக்கூடியது. 40 x 40 x 80 மி.மீ. இ.என்.24 எஃகுத் துண்டு சரியாக ஒரு கிலோ வரும். ஹார்டனிங் செய்து, முகத்தை சர்ஃபேஸ் கிரைண்டரில் ஓட்டி, பஃப் போட்டுக் கண்ணாடி மாதிரி ஆக்கச் சொல்லுங்கள். நான்கு விளிம்பையும் உருட்டச் சொல்ல மறக்காதீர்கள், கூர் விளிம்பு ரிப் (இறக்கையின் குறுக்குச் சட்டம்) ஓரத்தை ஒரு தடவை உரசினாலே விரிசலுக்கு வித்து. ஆனால் முன்விளிம்பின் மூக்குக்குள், ரிப்புகள் நெருங்கும் இடத்தில், இந்தத் துண்டு நுழையாது. அங்கே டங்ஸ்டன் வேண்டும். அதே ஒரு கிலோ பாதிக்கும் குறைவான அளவில் கைக்குள் அடங்கும். விலை கசக்கும், இருந்தாலும் ஒன்று வாங்கத்தான் வேண்டும். டிம்பிள் அடிக்கும் சி வடிவச் சட்டமும் 50 மி.மீ. சதுரக் குழாயில் வெல்டிங் பட்டறை செய்து தரும். மேல் தண்டும் கீழ் தண்டும் ஒரே நேர்கோட்டில் வருகிறதா என்பதை மட்டும் லேத்காரர் முன்னால் நின்று பார்த்து வாங்குங்கள். டை மட்டும் வெளியூர்ச் சரக்கு.

ஒரு ரிவெட் நன்றாக அமர்ந்ததா என்று எப்படித் தெரியும்? தகட்டின் கனத்தைத் தாண்டித் தண்டு ஒன்றரை விட்டம் வெளியே நீள வேண்டும். அடித்த பிறகு பின்பக்கத் தலை ஒன்றரை விட்டம் அகலமும் அரை விட்டம் உயரமும் இருக்க வேண்டும். 3/32-க்கு அது 3.6 மி.மீ. அகலம், 1.2 மி.மீ. உயரம். 1/8-க்கு 4.8, 1.6. இந்த அளவில் ஒரு தகட்டு கேஜ் வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால், பத்து ரிவெட்டுக்கு ஒன்றை அளந்துகொண்டே போகலாம். ஏ.என்.426ஏ.டி.3-3.5 என்ற ரிவெட் பெயரில் முதல் 3 விட்டம், முப்பத்திரண்டில் ஒரு பங்கு அங்குலக் கணக்கில். கடைசி 3.5 நீளம், பதினாறில் ஒரு பங்கு அங்குலக் கணக்கில். ஏ.டி. என்ற உறுதியான கலப்பு அலுமினிய ரிவெட்டின் தலையில் நடுவே ஊசிமுனைக் குழி ஒன்று இருக்கும். குழி இல்லாத ரிவெட் மென்மையான சுத்த அலுமினியம், அது கலந்துவிட்டால் அடிக்கும்போது வெண்ணெய் மாதிரி அமுங்கும், இழுவையில் தாங்காது. டப்பாக்களைத் தனித்தனியாக வையுங்கள், தரையில் விழுந்ததைப் பொறுக்கி டப்பாவில் போடாதீர்கள். ஹார்டுவேர் கடைப் பாப் ரிவெட்டை இறக்கையின் அருகிலேயே கொண்டு வர வேண்டாம்.

கெட்டுப்போன ரிவெட்டை எடுக்க அவசரப்படுகிறவர்கள்தான் துளையைப் பெரிதாக்குகிறார்கள். 40 பிட்டால் தலையின் ஆழம் மட்டும் துளைத்து, பன்ச்சால் தலையை நெம்பி ஒடித்து, பின்னால் பாரைத் தாங்கக் கொடுத்துத் தண்டைத் தட்டி எடுக்க வேண்டும். மீறித் துளை பெருத்துவிட்டால், 1/8 தண்டும் சிறிய தலையும் உள்ள என்.ஏ.எஸ்.1097 ரிவெட் காப்பாற்றும். ஆரம்பத்திலேயே நூறு வாங்கி வையுங்கள்.

போல்ட் இறுக்கும் இடத்தில் பைக் மெக்கானிக்கின் டார்க் ரெஞ்ச் உதவாது. ஏ.என்.3 (3/16 அங்குல) போல்ட்டுக்கு 20 முதல் 25 அங்குல-பவுண்டு, அதாவது 2.3 முதல் 2.8 நியூட்டன் மீட்டர். பைக் ரெஞ்சின் அளவே அதற்கு மேலேதான் தொடங்கும். ஏ.என்.4-க்கு (1/4 அங்குலம்) 50 முதல் 70 அங்குல-பவுண்டு. அங்குல-பவுண்டில் அளக்கும் சிறிய ரெஞ்ச் ஒன்று தனியாக வேண்டும். நைலான் நட் சும்மா திரும்பவே எடுக்கும் விசையை முதலில் அளந்து, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தறிக் கொட்டகையைப் பற்றி. நீளம், மூன்று ஃபேஸ் கரன்ட், கெட்டியான தரை எல்லாம் இறக்கைக்கு ஏற்றவை. ஆனால் தறி போய் வருடங்கள் ஆன பிறகும் கைமரத்தில் பஞ்சு தொங்கிக்கொண்டிருக்கும். ரிவெட் அடிக்கும் அதிர்வில் அது உதிரும். முதல் வாரம் முழுவதும் கூரையை வேக்குவம் பிடித்து, தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். இறக்கையின் ஒரு பகுதியான எரிபொருள் டேங்க் செய்யும் மூலைக்கு மட்டும் மேலே பாலிதீன் பந்தல் கட்டுங்கள்.

ஸ்பாரை நிறுத்தும் இரண்டு கம்பங்களையும் தரையில் ஆங்கர் போல்ட் போட்டு இறுக்குங்கள். முறுக்கு இருக்கிறதா என்று பார்க்க, ஸ்பாரின் இரண்டு முனையிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டு, கீழே பின் ஸ்பாருக்கு உள்ள தூரத்தை அளக்க வேண்டும். இரண்டு முனைக்கும் ஒரு மில்லிமீட்டருக்குள் வரும் வரை நாங்கள் ஸ்கின்னைத் தொடவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கிற காற்றில் குண்டு நிற்கவே நிற்காது. கொத்தனார்கள் செய்வதுபோல் குண்டை ஒரு டப்பா எண்ணெயில் முக்கி வைத்தால் அரை நிமிடத்தில் அடங்கும்.

துடைக்கும் துணி சின்ன விஷயம் போலத் தெரியும். திருப்பூர் பனியன் வேஸ்ட் மூட்டைக் கணக்கில் கிடைக்கும் ஊரில் வேறு என்ன வேண்டும் என்று தோன்றும். ஃபினிஷிங் முடிந்த பனியன் துணியில் பெரும்பாலும் சிலிக்கான் சாஃப்ட்னர் ஏறியிருக்கும். அதால் துடைத்த தகட்டில் பிரைமர் விலகி ஓடும், சீலன்ட் ஒட்டாது. காடா துணியில் பாவுக்குப் போட்ட கஞ்சி இருக்கும். வெளுத்து, சாஃப்ட்னர் ஏற்றாத வெள்ளைத் துணியைச் சொல்லி வாங்கி, வெந்நீரில் இரண்டு தடவை அலசிக் காயவையுங்கள். தகட்டைச் சொரசொரப்பாக்க மெரூன் நிற ஸ்காட்ச்-பிரைட் போதும். இரும்புக் கம்பளி கூடாது, அதன் துகள் அலுமினியத்தில் தங்கி அரிப்பைத் தொடங்கும்.

டேங்க் சீலன்ட்தான் இந்த வேலையிலேயே மனதை அதிகம் சோதிப்பது. டேங்குக்கு ஒரு குவார்ட் (சுமார் ஒரு லிட்டர்) டப்பா கணக்கு. டப்பாவில் காலாவதித் தேதி இருக்கும், டேங்க் வேலை தொடங்கும் நேரம் பார்த்துத்தான் ஆர்டர் போட வேண்டும். வெள்ளைப் பசை 10 பங்கு, கருப்பு 1 பங்கு, எடைக் கணக்கில். 0.1 கிராம் காட்டும் நகைக்கடைத் தராசு வேண்டும். ஒரு தடவைக்கு 50 கிராமும் 5 கிராமும் கலந்தால் போதும், கோடு எதுவும் தெரியாத சீரான சாம்பல் நிறம் வரும் வரை கிளறுங்கள். பி-2 வகைச் சீலன்ட்டுக்கு, கலந்த பிறகு வேலை நேரம் 2 மணி என்பது 25 டிகிரியில். சுமார் 5, 6 டிகிரி ஏறினால் அது பாதியாகும். 36 டிகிரி மத்தியானத்தில் அரை மணி நேரத்தில் பசை நூல் இழுக்கும். மார்கழி, தை மாதத்தில் விடியற்காலை 5 மணிக்குத் தொடங்குங்கள். மாதாந்திர மின்தடை நாளைப் பேப்பரில் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள், பாதி ரிவெட்டில் கம்ப்ரஸர் நின்றால் மொத்த ரிப்பும் வீண். மருந்துக்கடை 20 மி.லி. சிரிஞ்ச் பத்து, ஐஸ் குச்சி ஒரு கட்டு, பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறை இரண்டு பெட்டி, எம்.இ.கே. என்ற கரைப்பான் 5 லிட்டர். ஆவி தலையைக் கிறுகிறுக்க வைக்கும், கரிவடிகட்டி முகமூடி இல்லாமல் திறக்காதீர்கள்.

ஒரு வாரம் காய்ந்த பிறகு கசிவுச் சோதனை. கண்ணாடிக் குழாயை யு வடிவில் கட்டி, மஞ்சள் கலந்த தண்ணீர் ஊற்றி, இரண்டு மட்டத்துக்கும் 70 செ.மீ. வித்தியாசம் வரும் வரை மெதுவாகக் காற்று ஏற்றுங்கள். அது 1 பி.எஸ்.ஐ., அதற்கு மேல் ஏற்றினால் டேங்க் உப்பிவிடும். கம்ப்ரஸரை நேரடியாக இணைக்கவே கூடாது, சைக்கிள் பம்ப் போதும். இரவு விட்டுக் காலையில் மட்டம் இறங்கியிருந்தால் உடனே கலங்க வேண்டாம். டேங்குக்குள் வெப்பம் 1 டிகிரி குறைந்தால் மட்டம் ஏறக்குறைய 3.4 செ.மீ. இறங்கும். வெளிக்காற்றின் அழுத்தமே காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையே 3, 4 செ.மீ. அளவுக்கு மாறும். கொட்டகைத் தகரம் சூடேறும் முன்பு அதிகாலையில் ஒரு அளவு, மறுநாள் அதே நேரம், அதே வெப்பத்தில் இன்னொரு அளவு எடுங்கள். அப்போதும் இறங்கியிருந்தால் சோப்புத் தண்ணீரைத் தூரிகையில் தொட்டு, பின்தடுப்பின் ரிவெட் வரிசை, மிதவை சென்சார் தட்டு, வடிகால் விளிம்பு என்ற வரிசையில் தேடுங்கள். எங்கள் இடது டேங்கில் குமிழி வந்தது வடிகால் விளிம்பில், ஒரே ஒரு ரிவெட்டின் தலையோரம், கடுகளவு. அந்த ரிவெட்டைத் துளைத்து எடுத்து, எம்.இ.கே.யில் துடைத்து, புதுச் சீலன்ட்டில் தோய்த்த ரிவெட்டைப் போட்டு, மறுபடி ஒரு வாரம் விட்டு அதே 70 செ.மீ.-ல் இருந்து தொடங்கினோம்.