பத்மநாபபுரத்துக் கறுப்புத் தரை

தக்கலையில் இறங்கி ஆட்டோ பிடித்தால் சற்று நேரத்தில் கோட்டை மதில் வந்துவிடும். பத்மநாபபுரம் அரண்மனை நிற்பது கன்னியாகுமரி மாவட்டத்தில், டிக்கெட் கொடுப்பது கேரளத் தொல்லியல் துறை. 1956-இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோதும் அரண்மனை நிர்வாகம் அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

கூட வந்தது மாமா. நாற்பது வருடம் கொத்தனார். வெறுங்காலோடுதான் உள்ளே விடுவார்கள் என்பதால் முதலில் தரையைப் பார்த்தது எங்கள் பாதம்தான். கருகருவென்று, முகம் தெரியும் பளபளப்பு, நல்ல குளிர்ச்சி. சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு என்று அங்கிருந்தவர் ஒப்பித்தார். மாமா குனிந்து தடவிவிட்டு, "முட்டை கெடக்கட்டு மக்கா, இத எத்தன நாளு தேச்சிருப்பான்!" என்றார். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. பொருட்களின் பட்டியலை யாரும் சொல்லிவிடலாம், கைப்பாட்டைச் சொல்ல ஆளில்லை.

பட்டியலையாவது சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. உதிர்ந்த சாந்தில் துளி போதும். அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி எடுக்கும் நிறமாலையில் புரதமோ சர்க்கரையோ மிஞ்சியிருந்தால் தடம் தெரியும். திருச்சூர் வடக்குநாதன் கோயில் சாந்தை இப்படி ஆராய்ந்து, கடுக்காய், வெல்லம், ஊஞ்சல்வல்லிக் கொடி போன்றவை சேர்ந்த கலவை என்று எழுதியிருக்கிறார்கள். பழுது பார்ப்பவருக்கு இது தெரியாவிட்டால் கை தானாக சிமெண்ட் மூட்டைக்குப் போகும்.

எங்கள் பாட்டி வீட்டில் அப்படித்தான் போனது. சுண்ணாம்புச் சுவரின் அடியில் மாமாவே சிமெண்ட் பூசினார். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் உள்ளே அடைத்துவிடும். மூன்றாவது மழைக்கு உப்புப் பூத்து, பூச்சு பொருமி விழுந்தது. இன்றைக்கும் அந்தப் பேச்சை எடுத்தால் மனுஷன் வெற்றிலைப் பெட்டியைத் தேடுவார்.

அரண்மனை பார்த்த அன்று சாயங்காலம் பாட்டி வீட்டுச் சுவரிலிருந்து பழைய சாந்துக் கட்டி ஒன்றைப் பொடித்து, டம்ளரில் போட்டு வினிகர் ஊற்றினேன். நுரைத்துப் பொங்கியது: சுண்ணாம்பு கரைந்து கரியமில வாயு வெளியேறுகிறது. ஆய்வகத்தில் இதையே நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் செய்து, மிஞ்சும் மணலை எடை போட்டு விகிதம் கணக்கிடுவார்கள். மணலில் கிளிஞ்சல் துணுக்கு கலந்திருந்தால் அதுவும் கரைந்து கணக்கு தப்பும். எங்களிடம் தராசும் இல்லை.

காலையில் பார்த்தால் மாமா எனக்கு முன்பே எழுந்து, டம்ளர் அடியில் கிடந்ததை உள்ளங்கையில் கொட்டித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஆத்து மணலுதான். சலிச்சு போட்டிருக்கான்."